முதலிடம் தருகிறேன் என்றவருக்குக் கொடுத்த காசு

சிவனொளிபாதமலை அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் எங்களுக்கு ஆறு அறைத் தங்குமிடம் ஒன்று. மலையேறும் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே வெசாக்கோடு முடியும். அதற்குள் சம்பாதிப்பதுதான் வருடம் முழுக்க. "ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம்" என்ற ஒருவருக்குக் காசு கட்டினேன். கிடைத்தது, எங்கள் இணையதளத்துக்குச் சூதாட்டத் தளங்களிலிருந்து காசுக்கு வாங்கிய இணைப்புகள்தான். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாதென்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை.

சரி, இந்த வேலைக்கு அடுத்து வந்தவரிடம் முதல் கேள்வியே சேர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) யார் பெயரில் இருக்கும் என்பதுதான். "உரிமை உங்களிடமே இருக்கட்டும் அண்ணே, எனக்குப் பார்க்க அனுமதி போதும்" என்றார் அந்த ஹட்டன் தம்பி. அப்புறம், ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து பஸ், இரவு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது என்று தனிப் பக்கம் எழுதச் சொன்னார். போனில் தினமும் நான் ஒப்பிப்பது அதைத்தானே! இப்போது பாதிப் பேர் அதை வாசித்துவிட்டுத்தான் அழைக்கிறார்கள்.