எல்லா ரைடும் ஏறியே ஆகணுமா? பொழுதுபோக்குப் பூங்காவில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

காலையில் பூங்கா வாசலில் துள்ளிக்கொண்டு நிற்கும் குடும்பம்தான், மாலை நான்கு மணிக்கு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். சின்னது அழும். பெரியது "இன்னும் ரெண்டு ரைடு பாக்கி" என்று அடம்பிடிக்கும். பெரியவர்கள் யார் மேல் எரிந்து விழலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூங்கா சரியில்லை, கூட்டம் அதிகம், வெயில் அதிகம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் பெரும்பாலும் ஒரே கணக்குதான் அந்த நாளைக் கெடுக்கிறது: "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம், எல்லாத்துலயும் ஏறாமப் போனா நஷ்டம்."

டிக்கெட் காசு வாசலிலேயே போய்விட்டது. பத்து ரைடு ஏறினாலும் நான்கு ஏறினாலும் அது திரும்பி வரப்போவதில்லை. நாள் எவ்வளவு நேரம் நன்றாக ஓடும் என்பதைத் தீர்மானிப்பவர், குடும்பத்தில் எல்லோருக்கும் முன்னால் களைத்துப்போகிறவர். அது மூன்று வயதுக் குழந்தையாக இருக்கலாம், முழங்கால் வலியுள்ள பாட்டியாக இருக்கலாம், முந்தின இரவு சரியாகத் தூங்காத அப்பாவாகவும் இருக்கலாம். அவரை வைத்துத் திட்டம் போடாமல் ரைடுகளின் பட்டியலை வைத்துத் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி அதிலிருந்து வருபவை.

உயரக் கம்பியோடு பேரம் பேசுவது

ஒவ்வொரு ரைடின் வாசலிலும் உயரம் அளக்க ஒரு கோடோ கம்பியோ இருக்கும். பல இடங்களில் 102, 122, 137 சென்டிமீட்டர் என்ற அளவுகளைப் பார்க்கலாம். 40, 48, 54 அங்குலம்தான் அப்படி மாறியிருக்கிறது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, கடைசியில் குழந்தை இரண்டு விரல் குறைவு என்று தெரிந்து, "ஒரே ஒரு தடவை விடுங்க சார், பையன் பயப்பட மாட்டான்" என்று ஊழியரிடம் கெஞ்சுவதைப் பல பூங்காக்களில் பார்க்கலாம்.

பயம் இங்கே பிரச்சினையே இல்லை. உட்காருகிறவரின் மடியில் அல்லது தோளில் வந்து அழுத்தும் அந்தத் தடுப்புக் கம்பி, ஒரு குறிப்பிட்ட உடல் அளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதைவிடச் சிறிய உடல் கம்பிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும், அல்லது வண்டி சரேலென்று இறங்கும்போது இருக்கையைவிட்டு மேலே எழும்பிவிடும். கனமான அடிப்பகுதி உள்ள செருப்பு மாட்டி, குதிகாலைத் தூக்க வைத்து அந்த இரண்டு விரலைச் சம்பாதிப்பவர்கள் தங்கள் பிள்ளையின் பாதுகாப்பில்தான் கை வைக்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. வீட்டிலேயே செருப்பில்லாமல் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடின் அளவும் பெரும்பாலும் இருக்கும். "இதுல நீ ஏறலாம், இதுல அடுத்த வருஷம்" என்று குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அங்கே வந்து அழுகை இருக்காது. சில ரைடுகளில் அதிகபட்ச உயரமும் எடையும்கூட உண்டு, அது அப்பாக்களுக்கு.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும் இருக்கையில், அது பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் கம்பிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். "நான்தான் பிடிச்சுக்கறேனே" என்பது அங்கே போதாது. ஆளுக்குத் தனிக் கம்பி உள்ள வண்டியாகப் பார்த்து ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் ஊழியரைக் கேளுங்கள். அதேபோல, சுழலும் ரைடுகளில் உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். குழந்தை வெளி ஓரத்தில் உட்கார்ந்தால் உங்கள் மொத்த எடையும் அதன் மேல் சாயும். சிறியவர் உள்பக்கம், பெரியவர் வெளிப்பக்கம்.

சாதாரணச் சறுக்குமரத்திலும் ஒன்று உண்டு. பாதுகாப்பு என்று நினைத்துக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குகிறோம். குழந்தையின் கால் பக்கச் சுவரில் பட்டு நின்றுவிட்டால், பின்னால் வரும் பெரியவரின் எடை அந்தக் காலை முறுக்கிவிடும். தனியாகச் சறுக்கியிருந்தால் வெறுமனே நின்றிருக்கும். மடியில் இருந்ததால் எலும்பு முறிகிறது. தனியாகச் சறுக்க முடியாத குழந்தைக்கு அந்தச் சறுக்குமரம் இன்னும் பெரிது என்று விட்டுவிடலாம்.

வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறுவது

எந்த க்யூ குட்டையாக இருக்கிறதோ அங்கே ஓடுவது இயல்புதான். ஆனால் பார்க்க வேண்டியது நீளத்தை அல்ல, நகரும் வேகத்தை. 24 பேர் உட்காரும் ரோலர் கோஸ்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் 720 பேரை முடித்துவிடும். 12 பேர் உட்காரும் குட்டி ராட்டினம், ஏற்றி, சுற்றி, இறக்க நான்கு நிமிடம் எடுத்தால் மணிக்கு 180 பேர்தான். இரண்டின் முன்னாலும் 60 பேர் நின்றால், முதலாவதில் ஐந்து நிமிடம், இரண்டாவதில் இருபது. குழந்தைகளுக்கான ரைடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதனால்தான் "இது சின்ன ரைடுதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மதியத்துக்குத் தள்ளிவைத்தவர்கள் வெயிலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூட்டம் முற்பகலில் ஏறி, மதியம் உச்சத்துக்குப் போய், மூடும் நேரத்தில் குறையும். திறந்த முதல் ஒரு மணி நேரம் தங்கம். அதை வாசலில் குரூப் போட்டோ எடுத்தும், தொப்பி வாங்கியும் கரைத்துவிடுகிறோம். போட்டோவை மாலையில் எடுக்கலாம், வெளிச்சமும் நன்றாக இருக்கும். காலையில் நேராக, உங்கள் வீட்டில் எல்லோரும் ரொம்ப ஆசைப்படும் இரண்டு மூன்று ரைடுகளுக்குப் போய்விடுங்கள். அது முடிந்தால் மீதி நாள் முழுக்க லாபம்தான். மதியம் குழந்தை தூங்கிவிட்டாலும் வருத்தம் இருக்காது.

ஒரு பெரியவர் பெரிய ரைடில் ஏற, இன்னொருவர் குழந்தையோடு வெளியே இருந்து, பிறகு மாறிக்கொள்ளும் வசதி சில பூங்காக்களில் இருக்கிறது. இரண்டாவது ஆள் மறுபடி முழு வரிசையும் நிற்க வேண்டாம். கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

வயிற்றோடு விளையாடுவது

மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நேரே சுழலும் ரைடுக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது, வெறும் வயிறும் நல்லதல்ல என்பது. கொஞ்சமாக, லேசாக, அடிக்கடி சாப்பிடுவது நல்லது. சாப்பாட்டை எல்லோரும் பாயும் ஒரு மணிக்கு வைக்காமல் பதினொன்றரைக்கே முடித்துவிட்டால் அந்த வரிசையும் மிச்சம்.

குமட்டல் ஏன் வருகிறது? உடல் எப்படி நகர்கிறது என்று உள்காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்புகிறது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொந்தரவு அதிகம். சுழலும் ரைடு நின்ற பிறகும் உள்காதிலுள்ள திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், தலைசுற்றல் அதனால்தான். எனவே இரண்டு சுழல் ரைடுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கை ஆடும் ரைடுகளில் குமட்டினால் கண்ணை மூடிக்கொண்டாலே பாதி சரியாகிவிடும். குமட்டலுக்கான மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், பலதும் தூக்கம் வரவைக்கும். குழந்தைகளுக்கு என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ரோலர் கோஸ்டரில் கடைசி வரிசைதான் ரொம்பத் தூக்கிப் போடும். முன்பாதி உச்சியைத் தாண்டி இறங்கும்போது பின்பெட்டிகளை வெடுக்கென்று இழுக்கும். முதல் தடவை ஏறுபவரை நடுவில் உட்கார வையுங்கள். மாட்டேன் என்கிற பிள்ளையை "கோழை" என்று கிண்டல் செய்து ஏற்றுவது, என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே மோசமான காரியம். அடுத்த பல வருடங்களுக்கு அந்தப் பிள்ளை எந்த ரைடு பக்கமும் வராது. கர்ப்பிணிகள், இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கழுத்து முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கான எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கப்பட்டதல்ல. தாத்தாவை வற்புறுத்த வேண்டாம்.

ரைடு நடுவில் நின்றால்

பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் உடனே கீழே இறங்கப் பார்ப்பது ஆபத்தான தவறு. ரோலர் கோஸ்டரின் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்வண்டி நிலையத்தைவிட்டு நகரத் தாமதமானாலோ, ஏதோ ஒரு சென்சார் சந்தேகப்பட்டாலோ, பின்னால் வருவதைக் கட்டுப்பாட்டு அமைப்பு தானாகவே நிறுத்திவிடும். பெரும்பாலும் வண்டி நிற்பது பாதுகாப்பு அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். தலைகீழாகச் சுற்றும் வண்டிகூடத் தண்டவாளத்தைவிட்டு விழாமல் இருப்பது, தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் அடியிலும் மூன்று வகைச் சக்கரங்கள் கவ்விக்கொண்டிருப்பதால். அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1919-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆகவே உட்கார்ந்தே இருங்கள், கம்பியைத் தளர்த்த முயலாதீர்கள், ஊழியர் வருவார்.

வீடியோ எடுக்கிறேன் என்று கையில் பிடித்த போன் நழுவினால், அது கீழே நிற்பவர் தலையை நோக்கி வரும் கல். லாக்கரில் வையுங்கள். கோ-கார்ட் ஓட்டும்போது கழுத்தில் தொங்கும் துணியும் அவிழ்த்துவிட்ட நீளமுடியும் கூடவே கூடாது. பின்னால் சுழலும் அச்சில் சிக்கினால் ஓட்டுபவர் உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெயிலும் தண்ணீரும்

1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது வெயில் கிட்டத்தட்ட 38 டிகிரி செல்சியஸ். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பல குடிநீர்க் குழாய்களில் தண்ணீர் இல்லை; இளகிய தாரில் பெண்களின் ஹை ஹீல்ஸ் புதைந்தது. இன்று பூங்காக்கள் எவ்வளவோ தேறிவிட்டன, ஆனால் ஹை ஹீல்ஸ் போட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாள் முழுக்க நடக்க வேண்டிய இடம் அது. ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ போதும், புதுச் செருப்பு வேண்டாம்.

சன்ஸ்கிரீனைக் காலையில் ஒரு முறை தடவிவிட்டு மறந்துவிடுகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரில் நனைந்தால் உடனேயே, மறுபடி தடவ வேண்டும். தாகம் எடுத்த பிறகு தண்ணீர் தேடுவதும் தாமதம்தான். குழந்தை திடீரென்று சோர்ந்து, தலைவலி, குமட்டல் என்றால் நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ச்சியாக்குங்கள். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது அவசர நிலை, உடனே முதலுதவி மையத்தைக் கூப்பிடுங்கள். இடி கேட்டால் வெளிப்புற ரைடுகளும் நீச்சல் குளமும் நிற்கும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருப்பது பரவலான விதி. ஊழியரோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தண்ணீர்ப் பகுதியில் நடக்கும் பெரிய தவறு, "யாராவது பாத்துப்பாங்க" என்பது. ஐந்து பெரியவர்கள் கரையில் இருந்தால் ஐந்து பேரும் மற்ற நால்வரை நம்பிக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். எனவே பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்: "அடுத்த இருபது நிமிஷம் நீ பாரு, அப்புறம் நான்." சின்னக் குழந்தை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டையும் டியூபும் விளையாட்டுச் சாமான்கள். அவற்றை நம்ப வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். குழந்தையின் தாடை அதற்குள் மறைந்தால் அது பெரிய அளவு, மாற்றுங்கள்.

தொலைந்துபோனால் என்று யோசிக்காமல் போவது

வாசலில் நுழையும்போதே குழந்தையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "என்ன கலர் சட்டை?" என்று கேட்டால் பதற்றத்தில் பெற்றோருக்கே நினைவு வராது. போன் நம்பரைக் கை மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடலாம். தொலைந்தால் ஓடித் தேடாமல் அங்கேயே நில், சீருடை போட்ட அக்காவிடமோ அண்ணனிடமோ சொல் என்று சீருடையைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள். "ராட்டினத்துக்குக் கீழே சந்திப்போம்" என்று சொல்வது வீண். அங்கேதான் மொத்தக் கூட்டமும் இருக்கும். தகவல் மையத்தின் வாசல் மாதிரி ஒதுங்கிய இடமாகச் சொல்லுங்கள்.

கிளம்பும் நேரம்

மூடும்வரை இருந்துவிட்டுப் போவதிலும் அதே கணக்குதான் ஒளிந்திருக்கிறது. எல்லோரும் ஒன்றாக வெளியேறும்போது வாகன நிறுத்தத்தில் அரை மணி நேரம் நகராமல் கிடக்க வேண்டும், அதுவும் தூங்கி விழும் குழந்தையோடு. நாள் முழுக்க வெயிலில் அலைந்தவர் இரவில் வண்டி ஓட்டும்போது கண் அசருவது உண்மையான ஆபத்து, எந்த ரைடையும்விடப் பெரியது. யார் ஓட்டப்போகிறார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்து, மதியம் அவரை நிழலில் ஒரு மணி நேரம் படுக்கவிடுங்கள். வண்டி நிறுத்திய இடத்தின் எண்ணைப் போட்டோ எடுத்துவைக்கவும், தூங்கினாலும் பின் இருக்கையில் எல்லோருக்கும் சீட் பெல்ட் மாட்டவும் மறக்க வேண்டாம்.