வேதவாசிப்பும் ஜெபமும் பாதியில் நின்றுபோகாமல் இருக்க

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க, தினம் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 தாண்டி, நாலாவது வாரக் கடைசியில் லேவியராகமத்துப் பலிமுறைகளில் வந்து நிற்பீர்கள். பலர் வேதத்தை மூடி வைப்பது அங்கேதான். பக்தி குறைந்துவிட்டதென்று நொந்துகொள்ள வேண்டாம், திட்டம்தான் பெரிது.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், தினம் பாதி அதிகாரம் வாசித்தால் ஒரு மாதம். ஒருமுறை வேகமாக, மறுமுறை வாய்விட்டு. பிறகு ஒரு வசனத்தில் நில்லுங்கள். உதாரணமாக 1:35: இயேசு இருட்டோடே எழுந்து, தனியிடம் போய் ஜெபிக்கிறார். அதற்கு முந்தின சாயங்காலம் பட்டணமே வாசலில் கூடியிருந்தது. எல்லாரும் தேடுவதாகச் சீமோன் வந்து சொல்ல, அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். நாலுபேர் கேட்பதை விட்டுவிடும் தெளிவு எனக்கு எந்தக் காரியத்தில் வேண்டும்? நோட்டில் இப்படி ஒரு கேள்வி போதும், அதையே ஜெபமாக்குங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத நாளுக்குச் சங்கீதம் 13 இருக்கிறது. ஆறே வசனம்: முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. அதே வரிசையில் உங்கள் காரியத்தைச் சொல்லுங்கள். முறையீட்டை விழுங்கிவிட்டு நேரே ஸ்தோத்திரத்துக்குத் தாவினால், மனதில் உள்ளது அங்கேயே கிடக்கும். பிறருக்காக ஜெபிக்கும்போது ‘எல்லாரையும் ஆசீர்வதியும்’ என்று முடிக்காமல், பெயர், தேவை, தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

உபவாசத்தை வாரத்தில் ஒரு வேளையோடு ஆரம்பியுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சாப்பிடும் நேரத்தை வேலைக்குக் கொடுத்தால் அது வெறும் பட்டினி. மத்தேயு 6:16-18 சொல்வதுபோல் முகவாட்டம் காட்டாதீர்கள். மிச்சமான உணவு ஏசாயா 58:7-ன்படி பசித்தவருக்குப் போகட்டும். நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேளை தவறாமல் மருந்து சாப்பிடுபவர்கள் உணவைத் தவிர்க்க வேண்டாம். அந்த நேரத்துக்குப் போனை விட்டால் போதும்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்காதீர்கள். மூன்று நாள் பாக்கி சேர்ந்தால் நோட்டைத் திறக்கவே கூசும். அட்டவணையில் தேதி போட்டிருந்தால் அடித்துவிட்டு, 1, 2, 3 என்று நாள் எண் எழுதி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.