தடம் இருக்கிறதே என்று இறங்குபவர்களுக்கு

காஷ்மீரில் குல்மார்க் கண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. பிப்ரவரிதோறும் அங்கே பனிச்சறுக்கு வந்த புதியவர்களைப் பார்க்கிறேன். அவர்களைப் பனிச்சரிவில் மாட்டிவிடும் தவறுகளைப் பற்றித்தான் இது. கையுறையை மறப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதைக் குளிரே கற்றுக்கொடுத்துவிடும்.

பிறர் தடத்தை நம்புவது

"ஏற்கெனவே அஞ்சு பேர் போயிருக்காங்களே அண்ணா" என்று இந்தப் பருவத்திலும் ஒரு தம்பி கேட்டான். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் முதல் பருவத்தில் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் பனி கொட்டி ஓய்ந்த காலை அது. எச்சரிக்கைக் கயிற்றுக்கு அப்பால் ஐந்து பனிச்சறுக்குத் தடங்கள். ஆறாவதாக நான் இறங்கினேன். பாதி வழியில், பாறையொன்று தலைநீட்டிய இடத்தருகே, காலடியில் 'தொம்' என்று ஏதோ அமுங்கியது. எனக்கு மேலே பனி கோடு கிழித்தது. எல்லாம் நின்றபோது இடுப்புவரை புதைந்திருந்தேன். ஒரு சறுக்குப் பலகையைக் காணவில்லை. முழங்கால் சவ்வு கிழிந்து, அந்தப் பருவம் முழுக்கக் கட்டிலில் கழிந்தது.

காற்று அடித்து இறுக்கிய மேல்பனி, பாளம் போல ஒரே துண்டாகக் கிடக்கும். அதன் அடியில் சில இடங்களில் ரவை போல ஒட்டாமல் உதிரும் பனி இருக்கும். பாளம் தடித்த இடத்தில் ஐந்து பேர் போனாலும் பாரம் அந்த ரவையை எட்டாமல் போகலாம். பாறையோரம் பாளம் மெலிந்திருக்கும். அங்கே ஒருவர் மிதித்தால் போதும், முறிவு அடியோடு ஓடிச் சரிவு முழுவதையும் அறுத்துவிடும். அந்த ஐந்து பேரும் மிதிக்காத இடத்தை நான் மிதித்தேன், அவ்வளவுதான். தடத்தைப் பார்த்து இதையெல்லாம் படிக்க முடியாது. சாய்வை அளந்து பாருங்கள்: 30 முதல் 45 பாகைக்குள் என்றால் பாளம் வழுக்குவதற்கு ஏற்ற சரிவு. அதற்கான கருவி சட்டைப் பைக்குள் அடங்கும்.

வானம் வெளுத்ததும் ஓடுவது

பனி நின்ற பிறகும் காற்று வேலை செய்துகொண்டே இருக்கும். முகட்டின் இந்தப் பக்கத்துப் பனியை வாரி அந்தப் பக்கம் கொட்டும். வெயிலில் பளபளக்கும் பனிமெத்தை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அதுவும் பாளம்தான். 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வட்டில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். ஒரு நாள் பொறுத்தால் மலை ஓடிவிடாது.

எல்லோரும் சேர்ந்து கடப்பது

சரிவை ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

உதவி வரும் என்று இருப்பது

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதைத் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று சரியும். மீட்புக் குழு அதற்குள் வராது. பக்கத்தில் நிற்பவரிடம் மண்வெட்டியும் துழாவுகோலும் இருக்கின்றனவா?

பீக்கனைப் பையில் வைப்பது

பீக்கன் என்பது புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி. பையைப் பனி பிடுங்கிக்கொள்ளும். உடம்போடு கட்டுங்கள், கிளம்பும் முன் இயக்கிப் பாருங்கள்.