ஆம்ப் சிமுலேட்டரில் இரைச்சல் அடங்கிய விதம்

கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கணினியில் உருவாக்கும் இலவச ஆம்ப் சிமுலேட்டர் ஒன்றை நிறுவி, கெயினை (கரகரப்பைக் கூட்டும் குமிழை) ஏற்றி வாசித்தால், தகர டப்பாவுக்குள் வண்டை அடைத்ததுபோல் ஒரே இரைச்சல். ட்ரெபிளைக் குறைத்தால் ஒலி மழுங்கியதே தவிர இரைச்சல் போகவில்லை.

விஷயம் கேபினெட்டில், அதாவது ஸ்பீக்கர் பெட்டியில், இருந்தது. கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெருமளவு அடக்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டுவது அதுதான். அந்த மென்பொருளில் ஸ்பீக்கர் இல்லாத, ஆம்பின் தலைப்பகுதி மட்டுமே இருந்தது. அதன் பின்னால் ஐஆர் லோடரைச் சேர்த்து, கேபினெட்டின் ஐஆர் கோப்பை (அந்தப் பெட்டி ஒலியை எப்படி மாற்றுகிறது என்பதை மைக் வைத்து எடுத்த பதிவை) ஏற்றியதும் ஒலிக்கு உடம்பு வந்தது. மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் வைத்து எடுத்த கோப்பு காதைக் குத்தியது. ஓரத்துக்கு நகர்த்தி எடுத்தது இதமாக இருந்தது. குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பதைவிட, கோப்பை மாற்றிப் பார்ப்பதே மேல் என்பேன்.

பிறகு கெயினைப் பாதியாக இறக்கி, ஆம்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடலை வைத்தேன்: டிரைவ் (கரகரப்பு) பூஜ்யம், லெவல் (ஒலி அளவு) முழு அளவு. உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடிக்கும் பாம் மியூட் அடிகள் இறுகின. தடித்த கம்பியின் சுருதியே 82 ஹெர்ட்ஸ்தான்; அதற்குக் கீழே இருந்த உறுமலையும் வெட்டிவிட்டேன்.

கம்பியை மீட்டியபின் ஒலி கேட்கும்வரையிலான தாமதத்தைக் குறைக்க, பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துணுக்கு) 128 சாம்பிள் போதும். 64-க்கு இறக்கினால் என் பழைய மடிக்கணினி திக்குகிறது.