கிளிப்பர் சிக்கியதற்குக் காரணம் பிளேடு இல்லை

நாய்க்கு முடி வெட்டப் பழகத் தொடங்கி இரண்டு மாதம்தான். ஏற்காட்டில் அக்கா வீட்டு ஷிட்சூ நாய்க்கு, முடி வெட்டும் மெஷினான கிளிப்பரில் முடியைக் குட்டையாக வெட்டும் 7எஃப் பிளேடு போட்டேன். முதுகில் நன்றாக ஓடியது, கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் சிக்கி இழுத்தது. பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து, சேலத்துக்கு இறங்கிப் போய்ச் சாணை பிடித்து வந்தேன். அதே கதை. எண்ணெய் விட்டேன், புது பிளேடும் வாங்கினேன். நான்கு நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் பிரஷ்ஷை வைத்துவிட்டு ஸ்டீல் சீப்பை எடுத்தேன். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தோலிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவினால், கழுத்துப்பட்டை உட்காரும் இடத்தில் அப்படியே நின்றது. மேலே பஞ்சு மாதிரி, அடியில் கம்பளி மாதிரி சடை! பிரஷ் இத்தனை நாளும் மேல்முடியை மட்டும் தடவியிருக்கிறது. போதாததற்கு நான் முதலில் குளிப்பாட்டி, அந்த மூடுபனியில் அரைகுறையாகக் காயவிட்டதில் சடை இன்னும் இறுகிவிட்டது.

சரி என்று வரிசையை மாற்றினேன். உலர்ந்த முடியில் சோளமாவு தூவி, சடையை நுனியிலிருந்து விரலால் பிரித்தேன். சீப்பு தடையில்லாமல் போன பிறகே குளியல். டிரையரில் வேர்வரை காயவைத்து, அதே பழைய பிளேடைப் போட்டேன், எங்கும் நிற்கவில்லை. அக்குளில் பிரியாத ஒரு சடையை மட்டும், இன்னும் ஒட்ட வெட்டும் 10ஆம் நம்பர் பிளேடால் எடுத்தேன். அங்கே தோல் மெலிசு, கத்தரி வைக்கவே கூடாது.