பிரபஞ்சப் பின்னணி ஒளியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதுவரை பிறந்த விண்மீன்கள் உமிழ்ந்த ஒளியெல்லாம் வானெங்கும் மிக மங்கலாகப் பரவிக் கிடக்கிறது; அதுவே பிரபஞ்சப் பின்னணி ஒளி. தொலைநோக்கிக்குத் தனியே தென்படாத சிறு திரள்களின் பங்கும் அதில் உண்டு. அதனால்தான் விண்மீன் திரள்கள் உருவான வரலாற்றை அறிய அதை அளக்கிறார்கள். பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது, ஒரு விண்மீன்கூடப் பிறக்காத காலத்தில் கிளம்பியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, குறுக்கே வரும் ஒளியை அலட்சியம் செய்வது. பூமிக்கு அருகிலிருந்து பார்த்தால், இருண்ட வானத்திலிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதி சூரிய மண்டலத் தூசில் பட்டுச் சிதறிய வெயில்தான். அதைக் கழிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் மிஞ்சும் எண் நம்பத்தகாததாகிவிடும்.

2015இல் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அந்தத் தூசைப் பெரும்பாலும் பின்னால் விட்டுச் சென்றது. அப்படியும் சிக்கல் தீரவில்லை. 2022இல் வெளியான அளவீடு, சதுர மீட்டருக்கு, ஸ்டெரேடியனுக்கு (வானப் பரப்பை அளக்கும் கோண அலகு) சுமார் 16 நானோவாட் என்றது. தெரிந்த திரள்களைக் கூட்டினால் அதில் பாதிதான் வந்தது. மீதிக்கு, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் சிதைவதுவரை விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. பூமி–சூரியன் தொலைவைப்போல் சுமார் 57 மடங்கு தொலைவிலிருந்து 2023இல் மீண்டும் அளந்தார்கள். நம் பால்வெளியின் தூசு சிதறடிக்கும் ஒளியை, பிளாங்க் விண்கலத்தின் தொலை அகச்சிவப்பு வரைபடங்களைக் கொண்டு கவனமாகக் கழித்தார்கள். 2024இல் வெளியான விடை, அதே அலகில்: 11.16, பிழை வரம்பு 1.65. திரள்களின் கூட்டுத்தொகை 8.17, அதன் பிழை வரம்பு 1.18. பிழை வரம்புகளைப் பார்த்தால், இந்த இடைவெளியை வைத்துப் புதிய இயற்பியல் பேச இடமில்லை. பிழை வரம்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதும் செய்திகளை நான் நம்புவதில்லை.

கண்ணுக்குப் புலப்படும் ஒளியோடு நின்றுவிடுவதும் தவறு. விண்மீன் ஒளியில் ஏறக்குறைய பாதியைத் தூசு விழுங்கி அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. கோபி செயற்கைக்கோளின் தரவுகளிலிருந்து 1990களில் அது வெளிப்பட்டது. அதை விட்டுவிட்டால் விண்மீன் பிறப்பு விகிதம் குறைவாகவே தெரியும்.

காமா கதிர் வழியாக வரும் மதிப்பை நேரடி அளவீடாகக் கொள்ளவும் கூடாது. தொலைதூரக் காமா கதிர்கள் வழியில் பின்னணி ஒளியின் துகள்களோடு மோதி எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளாக மாறுகின்றன. எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, புறப்படும்போது எவ்வளவு இருந்தது என்று அனுமானிக்க வேண்டும். ஆனாலும் சூரிய மண்டலத் தூசின் ஒளி அந்தக் கணக்கைக் கெடுப்பதில்லை. அதனால் இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே சரி.

2025 மார்ச்சில் ஏவப்பட்ட ஸ்பியர்எக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி 102 நிறப்பட்டைகளில் வானத்தை அளக்கிறது. பின்னணி ஒளியில் அது முக்கியமாகத் தேடுவது மொத்தப் பிரகாசத்தை அல்ல, இடத்துக்கு இடம் மாறும் ஏற்ற இறக்கத்தை. தூசு ஒளி சீராகப் பரவியிருப்பதால் அங்கே அதன் தொல்லை குறைவு. ஸ்பியர்எக்ஸ் முடிவுகளை நியூ ஹொரைசன்ஸ் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.