மாரியில் தொட்டியை வெறுமையாக்காதீர்கள்: பழைய தடாகத்தைப் புது மையமாக்கும்போது விடுகிற தவறுகள்

போன ஐப்பசிக் கடைசியில், வன்னியில் ஒரு பழைய பொது நீச்சல் தடாகத்தை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தடாகத்தை எடுத்துவிட்டு அந்தக் காணியில் நவீன பொழுதுபோக்கு மையம் ஒன்று கட்டப் போகிறார்களாம். புதிய தடாகம், சின்னப்பிள்ளைகளுக்குத் தனித் தொட்டி, உடற்பயிற்சி அறை, பூப்பந்து மண்டபம், கன்ரீன் எல்லாம் படத்தில் இருந்தது. நான் போய் இறங்கும்போது இரண்டு இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் மூன்று அங்குல ஹோஸை வாய்க்கால் வரைக்கும் இழுத்துப் போட்டு, மோட்டரைப் பூட்டிக்கொண்டு நின்றார்கள். கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

"என்ன தம்பியவை செய்யப் போறியள்?"

"தொட்டிய வெறுமையாக்கப் போறம் சேர். டிசம்பருக்குள்ள பில் போடோணும்."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடங்களுக்கு முதல் நானும் இதே மாரிக் காலத்தில், இதே மாதிரி ஒரு ஹோஸுக்குப் பக்கத்தில், இதே பதிலோடு நின்றவன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஈர ரைல்ஸ் வழுக்கும், குளோரின் அளவைத் தினமும் பார்க்கவேண்டும், ஆழத்தைச் சுவரில் எழுதவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிலத்தடி நீரைப் பாராமல் தொட்டியை வெறுமையாக்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்.

அன்றைக்கு எங்கள் கையில் இருந்த தடாகம் 25 மீற்றர் நீளம், 12.5 மீற்றர் அகலம். ஆழம் குறைந்த பக்கம் மூன்றரை அடி, கூடின பக்கம் எட்டு அடி. நிறைந்திருந்தால் ஏறக்குறைய 5.5 இலட்சம் லீற்றர். பழைய தொட்டியின் கொங்கிறீற் நல்லாகத்தான் இருந்தது. அதை அப்படியே வைத்து, உள்ளே புது ரைல்ஸ் பதித்து, சுற்றிவர மையத்தைக் கட்டுவது என்று திட்டம். மதிப்பீடு முழுக்க அந்த ஒரு தொட்டி மிச்சம் என்ற கணக்கில் போட்டது.

காசு ஒதுக்கியது பங்குனியில். கேள்விமனு, தொழில்நுட்பக் குழு, மறு கேள்விமனு என்று இழுபட்டு, ஒப்பந்தக்காரர் இடத்துக்கு வந்து சேர்ந்தது கார்த்திகை பிறக்கிற நேரம். இதில்தான் பொறி இருக்கிறது. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. அதற்குள் செலவழிக்காத காசு திரும்பிப் போய்விடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் வேலை பறக்கிற காலம். வன்னியில் மாரி மழை கொட்டுவதும், நிலத்தடி நீர் ஏறி நிற்பதும் அதே மூன்று மாதம். எந்தக் கந்தோர்க் கலண்டரிலும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு மோட்டரைப் போட்டோம். அங்கே ஓர் ஐயா காவலுக்கு இருந்தார். வயல்செய்து பழகிய மனுசன். தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பின்னால கிணத்தில தண்ணி வாளி கட்டாமலே அள்ளலாம். நீங்கள் இதை வெறுமையாக்கிறியள்?" நான் சிரித்துவிட்டு, கிணறு வேறு, கொங்கிறீற் தொட்டி வேறு என்று விளக்கம் சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

சனி பின்னேரம் தொட்டி காலி. ஞாயிறு இரவு முழுக்க மழை. திங்கள் விடியப்புறம் ஐயா போன் எடுத்தார். "தம்பி, வெடி மாதிரி ஒரு சத்தம் கேட்டுது. தொட்டி எழும்பிற்றுது போலக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். ஆழமான பக்கத்து அடித்தளம் ஏழு அங்குலம் மேலே வந்திருந்தது. குறுக்கே ஒரு வெடிப்பு. கை நுழையும் அகலம். அதற்குள்ளால் சேற்றுத் தண்ணீர் ஊற்று மாதிரி வந்துகொண்டிருந்தது. வெடிப்பின் இரண்டு கரையிலும் நீல ரைல்ஸ் கூரை மாதிரி ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. அடியில் போகிற பிரதான வடிகுழாய் கரட்டித் துண்டு மாதிரி முறிந்திருந்தது.

கணக்கு லேசானது. எட்டு அங்குலக் கொங்கிறீற் அடித்தளம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 480 கிலோ நிறை. நிலத்தடி நீர், தளத்தின் அடிமட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் நின்றால், அது அந்தச் சதுர மீற்றரை 1000 கிலோவால் மேலே தள்ளும். எங்கள் இடத்தில் தண்ணீர் நில மட்டத்திலிருந்து இரண்டு அடியில் நின்றது. அப்படியென்றால் ஆழமான பக்கத்தில் இரண்டு மீற்றர் உயரம், சதுர மீற்றருக்கு 2 தொன் தள்ளுகை. தொட்டி நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கிற எட்டடித் தண்ணீர் அதை அமுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடியை நான் காசு கொடுத்து வெளியே இறைத்தேன். வெறும் தொட்டி ஒரு வள்ளம்தானே, மிதக்கத்தான் பார்க்கும்.

தண்ணீரைத் திருப்பி விட்டால் அமர்ந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அமராது. தளம் எழும்பிய இடைவெளிக்குள் மணலும் சேறும் உடனே புகுந்துவிடும். எழும்பினது எழும்பினதுதான்.

இன்னொன்று. அந்தத் தொட்டியின் அடியில் அழுத்தம் கழிக்கிற வால்வு ஒன்று இருந்தது. வெளியே நீரழுத்தம் கூடினால் தானாகத் திறந்து நிலத்தடி நீரைத் தொட்டிக்குள் விடும், தளம் தப்பும். பழைய வரைபடத்தில் குறித்திருந்தது. இடித்தபோது பார்த்தால், முந்திய திருத்த வேலையில் யாரோ மேசன் அது ஒழுகுகிற ஓட்டை என்று நினைத்து வெள்ளைச் சீமெந்தால் நேர்த்தியாக மூடியிருக்கிறார். வரைபடத்தில் வால்வு இருக்கிறது என்பதை நம்பி ஒரு ரைலைக்கூடக் கழற்றாதீர்கள். ஆளை இறக்கித் தடவிப் பாருங்கள்.

முடிவு? பழைய தொட்டி முழுவதும் குப்பை. மேல்மாடிக்குப் போகவேண்டிய காசு நிலத்துக்குக் கீழே போயிற்று. பூப்பந்து மண்டபம் திட்டத்திலிருந்து காணாமல் போனது. இரண்டு வருடம் அந்தக் குழியில் தவளைதான் நீந்தியது. ஊர்ப் பிள்ளைகள் மதிலால் எட்டிப் பார்த்துவிட்டுப் பழையபடி குளத்துக்குப் போனார்கள்.

சரி, எப்படிச் செய்யவேண்டும்?

ஆழமான பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, தளத்தைவிட ஆழமாக ஒரு குழி தோண்டி, நாலு அங்குல பிவிசி குழாயில் ஓட்டை போட்டு, சுற்றிவரச் சல்லி நிரப்பி இறக்குங்கள். நூலில் ஓர் ஆணியைக் கட்டி உள்ளே விட்டால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஒரு வருடம் மாதத்துக்கு இரண்டு தரம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இதற்கு ஆகிற செலவு ஒரு மேசனின் இரண்டு நாள் கூலியும் குழாய்க் காசும்தான்.

வெறுமையாக்க நல்ல காலம் ஆவணியும் புரட்டாசி முற்பாதியும். கோடை என்று மட்டும் நம்பி ஆனி, ஆடியில் இறங்கவேண்டாம். இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களுக்குக் கிட்ட இருக்கிற காணிகளில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டால் மழையே இல்லாமல் கிணறு ஏறும். தண்ணீர் மறித்து, வயல் காய்ந்த பிறகு நூலை விட்டுப் பாருங்கள்.

தொட்டியை முழுக்க இடிக்கத்தான் போகிறீர்கள் என்றாலும் கவலையில்லாமல் இறைக்கக் கூடாது. பக்கத்தில் கட்டடமோ குழாய்ப் பாதையோ இருந்தால் எழும்புகிற தொட்டி அதையும் சேர்த்து இழுக்கும். ஆழம் குறைந்த பக்கம் தெரிகிற அளவுக்கு இறைத்து, அங்கே தளத்தில் துளை போட்டு, பிறகு இன்னும் இறைத்து, கீழே துளை போட்டு, அப்படியே படிப்படியாகப் போகவேண்டும். துளையால் தண்ணீர் உள்ளே வந்தால் வரட்டும். அது கோபத்தை அடக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 31 பற்றி: அந்த மாதத்தில் நிலத்துக்கு மேலே செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருக்கிறது. மோட்டர், பில்ட்டர், கதவு, யன்னல் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்துப் பில் போடுங்கள். ஒப்பந்தத்திலேயே வேலை ஒழுங்கை அப்படி எழுதிவிட்டால் கணக்காய்வுக்காரரும் கேள்வி கேட்கமாட்டார்.

இறைக்கிற தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விடுவது

குளோரின் மீனைக் கொல்லும். விடுவதற்கு முதல் சில நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டு, அளந்து பார்த்துத் திறவுங்கள்.

கொழும்புப் படத்தைப் பார்த்து மண்டபத்தை அடைத்துக் கட்டுவது

நவீனம் என்றால் கண்ணாடிச் சுவரும் ஏசியும் என்று ஒரு நினைப்பு. மூடின மண்டபத்தில் தடாகம் வைத்தால் இரவு பகலாக ஈரம் எழும்பும். நீச்சல் தடாகத்தில் மூக்கைச் சுடுகிற மணத்தைச் சனம் சுத்தத்தின் மணம் என்று நினைக்கிறது. அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைன். திறந்த இடத்தில் காற்று அதைக் கொண்டுபோகும். மூடின இடத்தில் அது பிள்ளைகளின் நெஞ்சுக்குள்ளும் கூரையின் இரும்புக்குள்ளும் போகும். எங்கள் சனம் நிறைய இருக்கிற சுவிற்சர்லாந்தில், ஊஸ்ற்றர் என்ற ஊரில், 1985 மே மாதம் நீச்சல் மண்டபத்தின் கொங்கிறீற் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்கு வயது 13 தான். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளைத்தான் குளோரைட் அரித்திருந்தது. பராமரிப்புக்குப் பேர்போன நாட்டிலேயே அப்படி.

வன்னி வெயிலுக்கு உயரமான கூரையும் நாலு பக்கம் திறப்பும் போதும். மின்சாரக் கணக்கும் அதில்தான் தங்கியிருக்கிறது. மின் இணைப்பின் கொள்ளளவு 42 கேவிஏயை (kVA) தாண்டினால் அலகுக்கு மட்டுமல்ல, அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த ஆகக் கூடிய மின்சாரத்துக்கும் தனியாகக் காசு கட்டவேண்டும். ஏசிக்காகத் தாண்டிவிட்டு, பிறகு பில்லுக்குப் பயந்து பில்ட்டர் மோட்டரைப் பாதி நாள் நிறுத்துகிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பாசி நிறம். மண்டபம் மட்டும் குளுகுளு.

மோட்டர் அறையை நிலத்துக்குக் கீழே வைப்பது

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் எந்த உயரத்தில் நின்றது என்று அயலில் கேளுங்கள். அதற்கு மேலே வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் பில்ட்டர் வாங்குவது

தண்ணீரில் இரும்பு இருந்தால் இறைக்கும்போது கண்ணாடி மாதிரித்தான் தெரியும். குளோரின் விழுந்ததும் தேத்தண்ணீர் நிறமாகிவிடும். திறப்பு விழாவுக்கு முதல்நாள் இரவு ஒரு தடாகம் அப்படி மாறியது. விருந்தினர் ரிபன் வெட்டிவிட்டு, ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பு கூடின தண்ணீர் என்றால் வேறு தொல்லை. குழாய்க்குள்ளும் பில்ட்டர் மணலிலும் வெள்ளையாகப் படியும். கல்சியம் சேர்ந்த குளோரின் தூளைப் போடப் போட அது கூடும். முதலில் ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். பெறுபேறு வந்த பிறகு விலை கேளுங்கள்.

பழைய ஆழத்தையே புதிய தடாகத்திலும் வைப்பது

முந்தின காலத்துத் தடாகங்கள் பாய்கிறவர்களுக்காக ஆழமாகக் கட்டியவை. இப்போது வரப்போவது நீந்தத் தெரியாத பிள்ளைகள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சளவு தண்ணீரில்தான் பயம் தெளியும். ஆழத்தைக் குறைத்தால் தோண்டுகிற செலவும் நிலத்தடி நீர்த் தொல்லையும் சேர்ந்து குறையும். இதைச் சொன்னால் கூட்டத்தில் யாராவது எழும்பி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் நீந்தித் திரும்பிவந்த ஆழிக்குமரன் ஆனந்தனைச் சொல்வார். 1971 இல் அவர் செய்தது பெரிய காரியம். அவர் பெயரை மையத்துக்கு வையுங்கள், எனக்கும் சந்தோசம். அதற்காக எட்டடி வேண்டாம்.

பெண்களுக்கு நேரம் ஒதுக்கிவிட்டு மறைப்பு வைக்காதது

றோட்டிலிருந்து தெரிகிற தடாகத்துக்கு ஒரு பெண்பிள்ளையும் வராது.

சறுக்கியை முதலில் வாங்குவது

வேண்டாம்.

அந்த இரண்டு தம்பிமாரும் அன்றைக்கு மோட்டரைக் கழற்றினார்கள். அடுத்த கிழமை குழாய் இறக்கி நூல் விட்டுப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார்கள். தண்ணீர் இரண்டேகால் அடியில் நிற்கிறதாம். வெறுமையாக்குகிற வேலையை வருகிற ஆவணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மேலே இருந்து இன்னும் பதில் வரவில்லை.